மியாலி சிரிக்கும் இடம்

இவள் ஏன் இங்கே சிரிக்கிறாள்? அழ வேண்டிய இடமாயிற்றே. பெற்ற பிள்ளை திரும்பி வந்து, தாயைத் தாயென்று தெரியாமல் எதிரே நிற்கிறான். அதைச் சொல்லிவிட்டு யாராவது இப்படிச் சிரிப்பார்களா? படம் எடுத்தவர்கள் வேறெங்கோ சிரித்ததை வெட்டிக்கொண்டு வந்து இங்கே ஒட்டிவிட்டார்களோ?

ஜலஜா மடிக்கணினியில் அந்த இடத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தாள். ஒட்டுவேலை எதுவும் தெரியவில்லை. அதே முகம், அதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே வெள்ளை. மியாலி என்ற அந்த இனுயிட் இனத்துக் கிழவி ஒரு வாக்கியத்தைச் சொல்கிறாள். சற்று நிறுத்துகிறாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கிறாள். முன்பற்கள் இல்லாத சிரிப்பு. சிரித்து முடிந்ததும் கையிலிருக்கும் பச்சைப் பென்சிலை ஒருமுறை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்குகிறாள்.

படுக்கையறைச் சுவர் அலமாரிக்குள், தொங்கும் கோட்டுகளுக்கும் மடித்து அடுக்கிய ரஜாய்ப் போர்வைகளுக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் ஜலஜா. குவைத்தின் ஃபஹாஹீலில் அவர்கள் குடியிருந்த பழைய கட்டடத்தின் அறைகளில் இருமினால்கூட எதிரொலித்தது. அலமாரிக்குள் அந்தத் தொல்லை இல்லை. துணிகள் ஒலியைக் குடித்துவிடும். குரல் கொடுக்கும் வேலை எது வந்தாலும் அவள் ஒத்திகை பார்ப்பது அங்கேதான்.

அப்படி வந்த வேலைகளும் பெரிதாக ஒன்றுமில்லை. பணம் அனுப்பும் கம்பெனிகளுக்கும் பல் ஆஸ்பத்திரிகளுக்கும் தொலைபேசி அறிவிப்புகள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருங்கள்' என்று குவைத்தில் இருக்கும் தமிழர்கள் பாதிப்பேர் காதில் அவள் சொல்லியிருப்பாள். கணவன் சேதுமாதவனின் அலுவலக நண்பர் ஒருவர், மேடம் வாயைத் திறந்தாலே தனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அந்தக் குரலைக் கேட்டுக் காத்திருந்தே பழகிவிட்டது என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் கோயம்புத்தூரில் கல்லூரி நாடகங்களில் மேடை ஏறியவளுக்கு, ஒரு மனுஷியாகப் பேச ஒரு வாய்ப்பு வராதா என்ற ஆசை உள்ளுக்குள் ஓரமாகக் கிடந்துகொண்டே இருந்தது.

அந்த வாய்ப்பைக் கொண்டுவந்தவன் சுபின். குளச்சல் பக்கத்துப் பையன். கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்கு மேலே ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தான். நகரத்தில் ஒரு கலை மையத்தில் உலகத்துக் கலைஞர்களைப் பற்றிய குறும்படங்களை வரிசையாகத் திரையிடப் போகிறார்களாம். பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு இந்தி, மலையாளம், தமிழ் என்று வேண்டிய மொழியில் கேட்கலாம். முதல் படம் நன்றாக வந்தால் மற்றவையும் இவர்களுக்கே கிடைக்கும். "எக்கா, இது வெயிட்டிங் லைன் இல்ல கேட்டியளா. ஒரு ஆளு மனசுல உள்ளதப் பேசுத மாதிரி பேசணும்" என்று சொல்லித்தான் படத்தைக் கொடுத்திருந்தான்.

சின்னப் படம்தான். வட துருவத்தை ஒட்டிய ஒரு கிராமம். மியாலி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு காகிதத்தில் வரைகிறாள். அவள் வரைந்ததை வேறொருவர் கல்லில் செதுக்குகிறார், இன்னொருவர் அதில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கிறார். அந்த ஊர்ப் பெண்கள் போடும் அங்கியில், முதுகுப் பக்கம் பெரிய பை மாதிரி ஒரு முக்காடு தொங்குகிறது. கைக்குழந்தையை அதற்குள் விட்டுத்தான் சுமப்பார்கள். மியாலி வரைகிற பெண்கள் எல்லோருக்கும் அந்த முக்காடு உண்டு. ஆனால் எதிலும் குழந்தை இருப்பதில்லை. ஒன்றில் கெட்டில் எட்டிப் பார்க்கிறது. இன்னொன்றில் ஆந்தை. இன்னொன்றில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ.

ஏன் கெட்டில் என்று படம் எடுப்பவர்கள் கேட்கிறார்கள். அவள் சொல்கிறாள்: அந்தக் காலத்தில் கோடையில் ஒரு கப்பல் வரும். எல்லோரையும் ஏற்றி மார்பை எக்ஸ்ரே எடுப்பார்கள். நெஞ்சில் காசநோய் இருப்பவர்களை அப்படியே தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். என் மகன் முதுகில் இருந்தான், எடுத்துக்கொண்டார்கள். கப்பல் போன பிறகு முதுகு குளிர்ந்தது. அதனால் கெட்டிலை வைத்தேன்.

பிறகு: பல வருடம் கழித்து அவன் வந்தான். பெரிய பையனாக, காலில் ஷூ போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் பேச்சு அவனுக்குப் போய்விட்டது. இங்கிலீஷ்தான் வந்தது. நான் மீன் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்து, 'நர்ஸ்' என்று கூப்பிட்டான்.

அங்கேதான் அந்தச் சிரிப்பு.

அலமாரிக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். இருந்தாலும் சேதுமாதவன் எப்போதும் தட்டிவிட்டு, "உள்ள ஆளிருக்குதுங்களா?" என்று கேட்பான். தேநீரை நீட்டினான். கோட்டுகளை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் குனிந்து அந்தத் துண்டை அவனும் பார்த்தான்.

"பாவம்" என்றான். பிறகு, "இவங்களும் உன்ன மாதிரித்தான் போல. அழுகை வராது."

குத்திக்காட்டச் சொன்னதில்லை. அவனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தேநீர்க் கோப்பையின் காதை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனான். ஆனாலும் ஜலஜாவுக்கு அந்த வார்த்தை எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் பிருந்தாவைத் திருச்சியில் கல்லூரிக்கு அனுப்பிய நாளைச் சொல்கிறான். பிறந்ததிலிருந்து குவைத்தில் வளர்ந்த ஒரே பெண். விமான நிலையத்தில் பெட்டி எடை கூடிவிட்டது. கவுண்டரில் இருந்த ஆள் திறந்து எதையாவது எடுக்கச் சொன்னான். பிருந்தா வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தாள். திறந்ததும் மேலே கிடந்தது ஜலஜாவின் பழைய நைட்டி. கழுத்தில் மஞ்சள் கறை பிடித்த, தூக்கிப் போட வைத்திருந்த நைட்டி. அதைப் பார்த்ததும் ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. மகளும் சிரித்தாள். நைட்டியைப் பெட்டிக்குள் திணித்துவிட்டு ரசப்பொடியை எடுத்து வெளியே வைத்தார்கள், சிரித்தார்கள். கைப்பையை மாட்டிக்கொண்டு பிருந்தா உள்ளே போய் மறையும்வரை இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள். தூணில் சாய்ந்து கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதவன் சேதுமாதவன்தான்.

அதன் பிறகு நண்பர்கள் வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் அவன் அதைச் சொல்வான். எங்க வீட்டம்மாவுக்கு இரும்பு மனசுங்க, ஒரு சொட்டு விடல. பெருமையாகத்தான் சொல்வான். கேட்கிற பெண்கள் அவளைப் பார்க்கும் பார்வையில் பெருமை இருக்காது. அவளும் தன்னைக் குடைந்து குடைந்து பார்த்திருக்கிறாள். மற்ற தாய்மார்களுக்கு இருக்கும் ஏதோ ஒன்று தனக்கு வைக்கப்படவில்லையோ? பிருந்தா அதை மனதில் வைத்திருப்பாளோ? ஊருக்குப் போகும் நாளில் அம்மா சிரித்தாள் என்று ஒரு பெண் எத்தனை வருடத்துக்கு நினைவில் வைத்திருப்பாள்? யாரிடமும் கேட்டதில்லை. மகளிடம் கேட்கவே முடியாது.

அவள் கதவை இழுத்து மூடிக்கொண்டு, அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். 'நர்ஸ்' என்று கூப்பிட்டான். முதலில் அழுது பார்த்தாள். கேட்ட மாத்திரத்தில் வந்தது அழுகை. தொண்டையை எங்கே இறுக்க வேண்டும், மூச்சை எங்கே அறுக்க வேண்டும் என்று கல்லூரியில் பழகியது அப்படியே இருந்தது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, சிரித்துப் பார்த்தாள். அது வரவேயில்லை. எத்தனை தடவை முயன்றாலும் பொய்யாக, விளம்பரச் சிரிப்பாக வந்தது. இத்தனை சுலபமாக வருகிற ஒன்றையும், முயன்றாலும் வராத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் அந்த இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒலிப்பதிவன்று நல்ல வெயில். சுபினின் கூடத்தில் ஏசியை அணைத்தால்தான் பதிவு செய்ய முடியும். ஓடினால் அதன் இரைச்சல் மைக்கில் விழும். அணைத்த மாத்திரத்தில் அந்தச் சின்ன அறை அடுப்பாகிவிடும். நெற்றி வியர்வை ஹெட்போனுக்குள் வழிய, பனியில் கால் புதைந்ததைப் பற்றியும், மூச்சுக்காற்று இமையில் உறைந்ததைப் பற்றியும் ஜலஜா பேசினாள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சுபின் ஏசியைப் போடுவான். இருவரும் அதன் அடியில் போய் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். "கிழவிக்கு நம்ம கஷ்டம் தெரியாதுக்கா" என்பான்.

படத்தில் முதலில் மியாலியின் குரல் கேட்கும். பிறகு அது தணிந்து, தமிழ் அதன் மேல் ஏறும். அந்த இடம் வந்தபோது ஜலஜா வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டாள். தமிழ் நின்றதும் அடியில் இருந்த மியாலியின் சிரிப்பு தானாக மேலே வந்தது. சுபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டினான். எல்லாம் முடிந்து கேட்டுப் பார்த்தபோது தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. காத்திருங்கள் என்று சொல்லாத குரல். படியிறங்கும்போது அவள் கால்கள் லேசாக இருந்தன.

அந்த வார முடிவில் சுபின் அழைத்தான். மையத்தில் இந்தப் படங்களுக்குப் பொறுப்பான நஜீஹா என்ற லெபனான்காரப் பெண்மணிக்குக் குரல் மிகவும் பிடித்துவிட்டதாம். தொடர்ந்து வரும் படங்களுக்கும் இதே குரல்தான் வேண்டும் என்கிறாராம். அவன் அதைச் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, வேறு ஒன்று பின்னால் வருகிறது என்று.

"அந்த ஒரு எடம் மட்டும் திருப்பி எடுக்கணுமாம்க்கா. அந்த நர்ஸ் சொல்லுத எடம். அழுது பேசணுமாம்."

இந்தியிலும் மலையாளத்திலும் பேசியவர்கள் அங்கே உடைந்து அழுதிருக்கிறார்கள். அதைக் கேட்டு மையத்தில் வேலை செய்பவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். தமிழில் மட்டும் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று அவர் கேட்கிறார். ஜலஜா, அந்த அம்மா சிரிக்கிறாங்களே சுபின் என்றாள். அது அவனுக்கும் தெரியும்தான், ஆனால் நம் ஆட்களுக்குப் புரிய வேண்டாமா என்றான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

யோசிக்க என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. ஒரு நொடி வேலை. அலமாரிக்குள் தானாக வந்ததுதானே? அதைச் செய்துவிட்டால் இன்னும் எத்தனை பேராக அவள் பேசலாம். எங்கோ இருக்கும் கிழவிக்குத் தமிழில் என்ன நடந்தது என்று தெரியவா போகிறது? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினாள். நறுக்கியதைப் பார்த்தால் பாதி பொரியலுக்கு, பாதி சாம்பாருக்கு என்று இரண்டு அளவில் கிடந்தது.

பிருந்தா பேசும் நாள் வெள்ளிக்கிழமை. விடுதிச் சாப்பாடு, பக்கத்து அறைப் பெண்ணின் குறட்டை, வரப்போகும் தேர்வு என்று வழக்கம்போல் பாதி இங்கிலீஷில் கொட்டிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் கேட்கிறோம் என்று ஜலஜாவுக்கே தெரியவில்லை. நடுவில் கேட்டுவிட்டாள்.

"கண்ணு, நீ ஊருக்குப் போறப்ப ஏர்போர்ட்ல நான் சிரிச்சனே. உனக்கு அது கஷ்டமா இருந்துச்சா?"

"நீ சிரிச்சியா?" என்றாள் பிருந்தா. "எனக்கு அந்தக் கவுண்டர் ஆள் மூஞ்சிதான்மா ஞாபகம் இருக்கு. உன் நைட்டிய ரெண்டு விரல்ல தூக்கிப் புடிச்சிட்டு, இஸ் திஸ் யுவர்ஸ்னு கேட்டான்ல."

"என்னைப் பாத்து வேற கேட்டான்."

"அப்பா வேற, அது என்னுதுதான் சார்னாங்க, அழுதுட்டே."

அதை ஜலஜா மறந்தே போயிருந்தாள். அது என்னுதுதான் சார். அவளுக்கு மறுபடியும் சிரிப்பு பொங்கியது. இரண்டு பக்கமும் சிரித்து ஓய்ந்தது.

"அது இன்னும் இருக்குதா?" என்றாள்.

"இருக்கு. தலகாணி உறைக்குள்ள வெச்சிருக்கேன்." ஒரு சின்ன நிறுத்தம். "தொவைக்கல."

அதற்குப் பிறகு பிருந்தா சிரித்தாள். திருச்சியில், ஏதோ மாடிப்படியில் உட்கார்ந்து, அவள் சிரிப்பது இங்கே காதுக்குள் கேட்டது. மகள் அந்த வார்த்தைக்கும் சிரிப்புக்கும் நடுவில் விட்ட இடைவெளிக்குள் இருந்து ஜலஜாவால் வெளியே வர முடியவில்லை. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு அழுகை என்று பெயர் வைக்க முடியாது. சிரிப்பு என்றும் முடியாது. அதைத் திறந்து பார்த்து யாரும் பெயர் எழுத வேண்டியதில்லை. அம்மா லைன்ல இருக்கியா என்று பிருந்தா கேட்டாள். இருக்கேன் கண்ணு என்றாள். துவைக்கச் சொல்லவில்லை.

திரும்பவும் கூடத்துக்குப் போனபோது நஜீஹாவே வந்திருந்தார். கைநிறைய மோதிரங்களும் களைத்த கண்களும் கொண்ட நல்ல பெண்மணி. ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழ் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் குரலைக் கேட்டுத் தன் தாயை நினைத்துக்கொண்டதாக இங்கிலீஷில் சொன்னார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். வருகிறவர்கள் ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கிறார்கள். ஒரு வயதானவள் மகனை இழந்ததைச் சொல்லிவிட்டுச் சிரித்தால், புத்தி பிசகியவள் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். அவளுடைய வலி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டாமா? கண்ணீர் என்றால் எல்லா ஊருக்கும் புரியும்.

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் ஜலஜாவுக்குச் சங்கடமாக இருந்தது.

"படத்துல சிரிக்கிறது தெரியுமே சுபின். மேல நான் அழுதா எப்படி?" என்றாள்.

அவன் அதற்கு வழி பார்த்து வைத்திருந்தான். திரையில் அந்த இடத்தை ஓட்டிக் காட்டினான், சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு. "கிழவி சிரிச்ச சத்தத்த மியூட் பண்ணிருவேன். தோளு குலுங்குது பாத்தியளா? அது அழுகைக்கும் சேரும்க்கா. வாயத் தொறக்கதுக்கு முன்ன கட் பண்ணி கெட்டில் படத்துக்குப் போயிருவோம். மத்த ரெண்டு பாஷையிலயும் அப்படித்தான் செஞ்சிருக்கு."

ஜலஜா பார்த்தாள். சத்தம் இல்லாமல் மியாலியின் தோள்கள் குலுங்கின. அவன் சொன்னது சரிதான். பார்க்கிறவர்களுக்கு அவள் அழுவதாகவே தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. அவளுடைய ஊரைத் தவிர வேறு எங்கும், அவள் அங்கே என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஒரே ஒரு டேக் என்றார் நஜீஹா. போடுவோமா விடுவோமா என்று அப்புறம் முடிவு செய்யலாம். கையில் இருக்கட்டும். எக்கா, ஒரு டேக்தானே என்றான் சுபினும். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அடுத்த படங்கள் போய்விட்டால் அவனுக்கும் கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

அவள் அறைக்குள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சுபின் ஏசியை அணைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மியாலியின் குரல் வந்து தணிந்தது.

"பல வருடம் கழித்து அவன் வந்தான்" என்றாள் ஜலஜா. "பெரிய பையனாக, காலில் ஷூ போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் பேச்சு அவனுக்குப் போய்விட்டது. நான் மீன் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்து, 'நர்ஸ்' என்று கூப்பிட்டான்."

நிறுத்தினாள். காதுக்குள் சத்தமே இல்லை. சிரிப்பைச் சுபின் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தான். எதிரே திரையில் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அப்பால் நஜீஹா, மோதிர விரல்களைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்றார். கழுத்தில் வியர்வை இறங்கியது. ஜலஜா வாயைத் திறக்கவில்லை. மியாலி பென்சிலைப் பார்த்தாள், குனிந்தாள், வரையத் தொடங்கினாள்.

"எக்கா?" என்றது காதில் சுபினின் குரல். "எடம் போயிட்டு. பரவால்ல, திருப்பிப் போடட்டா?"

"போடுங்க சுபின். முழுப் படத்தையும் வேணும்னாலும் இன்னொருக்கா பேசறேன்" என்றாள். யார் மீதும் கோபமில்லாத குரலில்தான் சொன்னாள். "அந்த எடத்துல மட்டும் நான் அழுவ மாட்டேன்."